மலை ரோட்டில் சைக்கிள் பழகும் நண்பர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன வருஷம் நாங்கள் ஐந்து பேர் அட்டனிலிருந்து நுவரெலியா வரை சைக்கிளில் போனோம். எங்கள் தேயிலைத் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டங்களிலும் இருந்து மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறவர்களின் வழிச்செலவுக்குப் பணம் சேர்ப்பதற்காகப் போனோம். தொடங்கும்போது எங்களில் இரண்டு பேருக்குத்தான் ஒழுங்காகச் சைக்கிள் ஓட்டத் தெரியும். ஓர் அக்காவுக்கு ஏறி உட்காரவே தெரியாது. பன்னிரண்டு கிழமை பழகினோம். இந்த முறை இன்னும் பலர் சேர விரும்புகிறார்கள். பஸ்ஸிலும் கடையிலும் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு, எங்களுக்குத் தெரிந்த பதிலை இங்கே எழுதியிருக்கிறேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தானே, பணம் எதற்கு?

மருந்து இலவசம்தான். போய்ச் சேருவது இலவசமில்லை. மஹரகமவில் உள்ள அபேக்ஷா ஆஸ்பத்திரிக்கு எங்கள் பக்கத்திலிருந்து போகிறவர் முதலில் தோட்டத்திலிருந்து டவுனுக்கு ஓட்டோ பிடிக்க வேண்டும். பிறகு கொழும்பு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். காலை கிளினிக்குக்கு நேரத்துக்கு நிற்க வேண்டுமென்றால் நடுச்சாமத்தில் எழும்ப வேண்டும், அல்லது முதல் நாளே போய் எங்காவது தங்க வேண்டும். நோயாளி தனியாகப் போக முடியாததால் கூட ஒருவர் போவார். அப்போது இரண்டு பேரின் நாட்சம்பளமும் போய்விடும். கதிர்வீச்சுச் சிகிச்சை என்றால் பெரும்பாலும் கிழமையில் ஐந்து நாள் வீதம் பல கிழமைகள் தொடர்ந்து கொடுப்பார்கள். மலையிலிருந்து தினமும் போய்வர முடியுமா?

எங்கள் லயத்தில் ஒரு அம்மா மூன்றாவது தடவைக்குப் பிறகு போகாமல் நின்றுவிட்டார். "போக்குவரத்துக்குக் கடன் வாங்கிச் சாகிறதை விட வீட்டிலேயே இருக்கிறேன்" என்றார். அவரைத் திரும்ப அனுப்பிவைக்கத்தான் முதல் பணம் சேர்த்தோம். இந்தப் பயணத்தின் தொடக்கம் அதுதான்.

ஏன் சைக்கிள்? நடைபயணம் போகலாமே?

போகலாம். 2011இல் தெல்லிப்பழை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்காக நாட்டின் தெற்கு முனையிலிருந்து வடக்கு முனைவரை ஆட்கள் நடந்தே போனார்கள். அதைக் கேள்விப்பட்டுத்தான் எங்களுக்கும் எண்ணம் வந்தது. ஆனால் எங்களுக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். அட்டனிலிருந்து நுவரெலியா நாற்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். அதை ஒரே நாளில் நடந்து முடிப்பது கஷ்டம், மிதித்து முடிக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவும் சைக்கிளில் கோயிலுக்குப் போவார். எங்கள் பக்கம் ஏற்றத்துக்குப் பயந்தே சைக்கிளை யாரும் தொடுவதில்லை. 2022இல் பெற்றோல் வரிசையில் நாட்கணக்காக நின்றபோதுதான் நம் ஆட்கள் பலர் முதல்தடவை சைக்கிளைப் பற்றி யோசித்தார்கள். தோட்டத்து ஆட்கள் ஐந்து பேர் மலையேறிச் சைக்கிளில் போகிறார்கள் என்றால், பார்க்கிறவர்கள் நின்று "எதுக்குப் போறீங்க?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விதான் எங்களுக்கு வேண்டும்.

எனக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது. முப்பது வயதுக்குப் பிறகு பழகலாமா?

பழகலாம். எங்கள் அக்கா முப்பத்துநான்கு வயதில் பழகினார். பின்னால் ஒருவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும் பழைய முறையை விட்டுவிடுங்கள். பிடிக்கிறவர் விட்டுவிடுவாரோ என்ற பயத்திலேயே உடம்பு விறைத்துப்போகும்.

நாங்கள் செய்தது வேறு. இரண்டு பெடலையும் கழற்றிவிட்டோம். இடப்பக்கப் பெடல் மற்றச் சைக்கிள் திருகாணிகளுக்கு எதிர்ப்புறமாகச் சுற்றினால்தான் கழரும், பலம் போட்டு உடைத்துவிடாதீர்கள். இரண்டு பாதமும் முழுவதும் நிலத்தில் படும் அளவுக்குச் சீட்டை இறக்கினோம். உட்கார்ந்தபடி கால்களால் நிலத்தைத் தள்ளித் தள்ளிப் போக வேண்டும். தள்ளிவிட்டு இரண்டு காலையும் தூக்கி, எவ்வளவு தூரம் விழாமல் உருள்கிறது என்று பார்க்க வேண்டும். கண் தூரத்தில் இருக்கட்டும், முன் சில்லைப் பார்த்தால் விழுவீர்கள். அக்கா மூன்று மாலை இப்படித் தோட்டத்து மைதானத்தில் தள்ளினார். நான்காவது மாலை பெடலைப் பூட்டியதும் ஓட்டினார். சுற்றி நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள்.

பெண்கள் ஓட்டினால் ஏதாவது சொல்வார்களே?

சொன்னார்கள், முதல் இரண்டு கிழமை. பிறகு அதே ஆட்கள் வாசலில் நின்று தேத்தண்ணி நீட்டினார்கள். உடுப்பைப் பற்றி மட்டும் ஒன்று: துப்பட்டாவும் பாவாடை ஓரமும் செயினிலோ சில்லிலோ சிக்கினால் விழுவது நிச்சயம். துப்பட்டாவை இடுப்பில் கட்டுங்கள். காற்சட்டையின் வலது கணுக்காலை றப்பர் பட்டியால் இறுக்குங்கள், செயின் அந்தப் பக்கம்தான்.

என்ன சைக்கிள் வாங்குவது?

புதிது வாங்காதீர்கள். முதலில் கேட்டுப் பாருங்கள், யாரோ ஒருவர் வீட்டுக் கூரைக்குக் கீழ் ஒன்று துருப்பிடித்துக் கிடக்கும். 2022இல் வாங்கிவிட்டு மறந்தவை எத்தனையோ.

கியர் இல்லாத சாதாரணச் சைக்கிளில் மலை ஏறவேண்டாம். கால் முட்டிதான் விலை கொடுக்கும். முன்னால் மூன்று பல்சக்கரமும் பின்னால் ஆறோ ஏழோ உள்ள மலைச்சைக்கிள் போதும். முன்னால் மிகச் சிறியதும் பின்னால் மிகப் பெரியதும் சேர்ந்தால் அதுதான் மிக இலேசான கியர். இரண்டிலும் பல் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால், நீங்கள் ஒரு சுற்று மிதிக்கும்போது சில்லும் ஒரு சுற்றுத்தான் சுற்றும். மெதுவாகப் போகும், ஆனால் ஏறும். ஜப்பானிலிருந்து வரும் பழைய சைக்கிள்கள் விற்கும் கடைகளில் நல்லவை கிடைக்கின்றன. சட்டத்தில் வெடிப்பு இருக்கிறதா, றிம் நேராகச் சுற்றுகிறதா, இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா என்று பாருங்கள். பெயின்ட் போயிருந்தால் போகட்டும்.

சீட் உயரத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வையுங்கள். கால் நேராக நிற்க வேண்டும். பிறகு பாதத்தின் முன்பக்கத்தால் மிதிக்கும்போது முட்டி இலேசாக மடங்கும், அதுவே சரியான உயரம். பழகும்போது இறக்கி வைத்த சீட்டை அப்படியே விட்டுவிட்டு முட்டிவலி என்று சொல்கிறவர்கள்தான் அதிகம்.

ஹெல்மட் கட்டாயமா?

எங்களோடு வருவதென்றால் கட்டாயம். மோட்டார் சைக்கிள் ஹெல்மட் சரிவராது, ஏற்றத்தில் மூச்சுமுட்டும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மட்டைத் திரும்பப் போடவேண்டாம்.

சமதரையே இல்லாத ஊரில் எங்கே பழகுவது?

முதல் இரண்டு கிழமை மைதானம். பிறகு கொட்டகலைப் பக்கம் கொஞ்சம் தட்டையான ரோடு இருக்கிறது, காலை ஆறு மணிக்கு வாகனமும் குறைவு. நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைப் பக்கம் போகும் ரோடு பள்ளத்தாக்கோடு போவதால் ஏற்றம் மெல்ல மெல்லத்தான் வரும். எங்கள் நீண்ட ஓட்டங்களை அங்கேதான் வைத்துக்கொண்டோம். நுவரெலியாவில் இருப்பவர்களுக்குக் கிரகரி வாவி இருக்கிறது. ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், 1873இல் கட்டிய வாவி. அந்தக் குளிரில் அதைச் சுற்றி மிதிப்பது தனிச் சுகம்.

தோட்டத்துக்குள்ளே பழகினால் துரைமாரிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள். கொழுந்து லொறி வரும் நேரத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பன்னிரண்டு கிழமையில் என்னென்ன செய்தீர்கள்?

கிழமைக்கு மூன்று தடவை, அதற்கு மேல் இல்லை. நாள் முழுக்க மலையில் கொழுந்து எடுத்துவிட்டு வருகிறவருக்கு உடற்பயிற்சி குறைவில்லை, ஓய்வுதான் குறைவு. வேலை நாட்களில் இரண்டு மாலை அரைமணித்தியாலம், ஞாயிறு காலை ஒரு நீண்ட ஓட்டம். முதல் ஞாயிறு ஐந்து கிலோமீற்றர்தான் போனோம், அதற்கே இருந்த இடமெல்லாம் வலித்தது. பிறகு ஒவ்வொரு கிழமையும் மூன்று நான்கு கிலோமீற்றர் கூட்டினோம். மூன்று கிழமை கூட்டினால் நான்காவது கிழமை குறைத்தோம். பத்தாவது கிழமை 30ஐத் தொட்டோம். அதற்கு மேல் போகவில்லை. கடைசிக் கிழமை சும்மா கால் அசைத்ததோடு சரி.

முழுத் தூரத்தையும் முன்கூட்டியே ஒருதடவை ஓடிப் பார்க்க வேண்டும் என்று எங்களில் ஒரு தம்பி ஒற்றைக்காலில் நின்றான். தேவையில்லை. 30 போக முடிந்த உடம்பு, நிறுத்தி நிறுத்தி 45 போகும்.

ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது, என்ன செய்வது?

வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். பக்கத்தில் வருகிறவரோடு ஒரு முழு வசனம் பேச முடிகிற வேகமே உங்கள் வேகம். பேச்சு அறுந்தால் குறையுங்கள்.

ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே கியரை இலேசாக்குங்கள். நடு ஏற்றத்தில் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டு மாற்றினால் செயின் கழன்றுவிடும். முடக்குகளில் ஒரு விஷயம்: நாம் இடப்பக்கம் போகிறோம், ஆகவே இடப்பக்கம் திரும்பும் முடக்கில் உட்பக்கத்தில் மாட்டுவோம். அங்கே ரோடு திடீரென்று செங்குத்தாக நிமிரும். அதற்கு முன்பே மிக இலேசான கியருக்குப் போய்விடுங்கள். முடியாவிட்டால் இறங்கித் தள்ளுங்கள். லிந்துலைக்கு மேலே நான் இரண்டு தடவை தள்ளினேன். பணம் தந்தவர்கள் யாரும் குறைவாக நினைக்கவில்லை.

ஏறிவிட்டால் இறங்குவது சுகம்தானே?

இந்த முழுப் பக்கத்திலும் ஒன்றை மட்டும் வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள். ஏற்றத்தில் யாருக்கும் பெரிய ஆபத்து வராது. களைத்தால் நின்றுவிடலாம். இறக்கத்தில் நிற்கத் தெரிய வேண்டும். அதனால் நாங்கள் ஏறுவதற்குப் பழகியதைவிட இறங்குவதற்கு அதிக நேரம் பழகினோம். இதை நான் என் முழங்கையால் கற்றேன். ஐந்தாவது கிழமை, அட்டனிலிருந்து டிக்கோயாப் பக்கம் இறங்கும்போது தூறல். பிரேக் கட்டை தேய்ந்திருந்ததை நான் பார்க்கவில்லை. முடக்கில் பிடித்தேன், பிடிக்கவில்லை. ரோட்டோரக் கானுக்குள் போய் விழுந்தேன். ஐந்து தையல். பின்னால் பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது.

பிரேக் கட்டையில் குறுக்கே கோடு போல ஒரு பள்ளம் இருக்கும். அது தேய்ந்து மறைந்தால் மாற்றுகிற நேரம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் பாருங்கள், பிரேக் கம்பி பிரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

நீண்ட இறக்கத்தில் பிரேக்கை ஒரேயடியாக அமுக்கிக்கொண்டே வராதீர்கள். றிம்மைப் பிடிக்கும் பிரேக் றிம்மைச் சூடாக்கும். சூடு அளவு மீறினால் ரியூப் வெடிக்கவும் கூடும். அமுக்கி வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி அமுக்குங்கள். வண்டியை நிறுத்தும் பலம் பெரும்பாலும் முன் பிரேக்கில்தான் இருக்கிறது. ஆனால் அதைத் திடீரென்று இறுக்கினால் தலைகுப்புறப் போவீர்கள். இடுப்பைப் பின்னால் தள்ளி, இரண்டையும் சேர்த்து, மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். வேகத்தை முடக்குக்கு முன்பே குறைத்துவிடுங்கள், முடக்குக்குள் பிரேக் பிடித்தால் சில்லு வழுக்கும். திரும்பும்போது உட்பக்கப் பெடல் மேலே இருக்கட்டும், கீழே இருந்தால் ரோட்டில் இடிக்கும். ரோடு நனைந்திருந்தால் றிம்மில் ஒட்டிய தண்ணீரைக் கட்டை துடைத்து முடிக்கும்வரை பிரேக் பிடிக்காது. ஆகவே நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே தொட்டுத் தொட்டு வாருங்கள்.

2023 ஜனவரியில் நானுஓயாவுக்குப் பக்கத்தில் ரதல்லைக் குறுக்குப் பாதையில் பஸ் ஒன்று வேனிலும் ஓட்டோவிலும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். அந்தச் சரிவை அறிந்தவர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. குறுக்குப் பாதை எதையும் நாங்கள் எடுக்கவில்லை, பிரதான ரோட்டிலேயே போனோம். திரும்பி வரும்போது மிதிக்கவும் இல்லை. நுவரெலியாவில் சைக்கிள்களை லொறியில் ஏற்றிவிட்டு நாங்கள் பஸ்ஸில் வந்தோம். களைத்த உடம்போடு புதியவர்கள் அந்த இறக்கத்தில் இறங்கக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. இந்த வருஷமும் அப்படித்தான்.

எந்த மாதம் நல்லது?

எங்கள் பக்கத்துக்கு ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழை அட்டன், வட்டவளைப் பக்கத்தை விடாது. வட்டவளை நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. ஒக்டோபரிலும் நவம்பரிலும் பின்னேரம் இடியோடு கொட்டும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்து நண்பர்களுக்குக் கணக்கு வேறு. டிசம்பரிலும் ஜனவரியிலும் வடகிழக்கு மழை அவர்களுக்குத்தான், நம்முடைய மழைக்காலத்தில் அங்கே வெயில் காயும்.

மூடுபனி எந்த மாதமும் வரும். முன்னே போகிறவர் தெரியாத அளவுக்கு இறங்கினால் ஓரமாக நின்றுவிடுங்கள். சிவப்பு லைட் பின்னால் எரியட்டும், பகலிலும்.

குளிருக்கு என்ன போடுவது?

ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு, ஆறரைப் பாகை குளிர் கூடும். அட்டன் சுமார் 1,270 மீற்றர், நுவரெலியா 1,868. ஏறும்போது வேர்க்கும், நின்றதும் நடுங்கும். மெல்லிய உடுப்பு இரண்டு மூன்றாகப் போட்டு, கழற்றி மாட்டுங்கள். மேலே போனதும் மாற்ற ஒரு காய்ந்த சட்டை பையில் இருக்கட்டும்.

சாப்பாடு?

காலையில் ரொட்டியும் சம்பலும், ஒன்றரை மணித்தியாலம் முன்பே. வழியில் பசி வரும்வரை காத்திருக்க வேண்டாம், முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒரு வாழைப்பழமோ எள்ளுருண்டையோ நான்கு பேரீச்சம்பழமோ போதும். குளிரில் தாகம் தெரியாது, அதனால்தான் பலர் குடிப்பதில்லை. மணிக்கு அரை லீற்றர் அளவில் குடியுங்கள். அதிகம் வேர்த்தால் ஒரு பக்கெற் ஜீவனியை (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புத் தூள்), பக்கெற்றில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்து எடுத்துக்கொள்ளுங்கள். விலை கூடிய சக்தி பானங்கள் எதுவும் வேண்டாம். தலவாக்கலையில் குடித்த வெறுந்தேத்தண்ணியும் கித்துள் கருப்பட்டித் துண்டும் செய்த வேலையை வேறு எதுவும் செய்யவில்லை.

டொக்டரிடம் காட்ட வேண்டுமா?

நெஞ்சுவலி, இளைப்பு, பிரஷர், சீனி வருத்தம் இருந்தால் கட்டாயம். சீனிக்கு மருந்து எடுப்பவர்களுக்கு ஓடும்போது சீனி திடீரென்று இறங்கலாம், பையில் இனிப்பு வேண்டும். பெண்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். கொஞ்சம் படியேறினாலே மூச்சு வாங்கி, தலை சுற்றி, முகம் வெளிறியிருந்தால் அது பழக்கமில்லாததால் மட்டும் என்று விடாதீர்கள். இரத்தக்குறைவாக இருக்கலாம், கிளினிக்கில் ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். எங்களில் ஒருவருக்கு அப்படித்தான் தெரிந்தது. இரும்புச்சத்து மாத்திரை எடுத்து, இரண்டு மாதம் கழித்து அவர் தனியாகத் தொடங்கினார். இந்த வருஷம் வருகிறார்.

வழியில் ஏதாவது நடந்தால் 1990. சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை. எல்லாருடைய போனிலும் இருக்கட்டும்.

நான்தான் எல்லாரிலும் மெதுவாகப் போவேன். மற்றவர்களுக்குத் தொந்தரவில்லையா?

மெதுவாகப் போகிறவர்தான் முன்னால் போவார். அது எங்கள் விதி. பின்னால் விட்டால் அவர் துரத்திக்கொண்டே வருவார். மற்றவர்கள் நின்று இளைப்பாறி, அவர் வந்து சேர்ந்ததும் புறப்பட்டுவிடுவார்கள். ஓய்வு கிடைக்காத ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார். முன்னால் விட்டால் வேகம் தானாகவே சரியாகும். நன்றாக ஓட்டத் தெரிந்தவர் கடைசியில் வருவார், பம்பும் பஞ்சர் சாமானும் அவரிடம் இருக்கும். இறக்கத்தில் மட்டும் நெருக்கமாகப் போகக்கூடாது, ஆளுக்கு ஆள் ஒரு லொறி நீளமாவது இடைவெளி வேண்டும்.

அட்டை?

புல்லில் உட்காராதீர்கள். கடித்தால் சவர்க்காரமோ உப்போ.

அன்றைக்கு வழி எப்படி இருக்கும்?

காலை ஆறு மணிக்கு அட்டன். கொட்டகலை வரை உடம்பு சூடாகும். அதற்குப் பிறகு டெவோன், சென் கிளேயர் நீர்வீழ்ச்சிகளைப் பார்த்தபடி தலவாக்கலைக்கு இறக்கம். படம் எடுப்பதற்காக அங்கே எதிர்பாராத இடத்தில் வேன் நிற்கும், நீர்வீழ்ச்சியைப் பார்க்காமல் ரோட்டைப் பாருங்கள். தலவாக்கலையில் முதல் ஓய்வு. அதற்குப் பிறகு லிந்துலை, நானுஓயா, நுவரெலியா என்று கிட்டத்தட்ட முழுவதும் ஏற்றம். சுமார் 1,200 மீற்றரிலிருந்து ஏறத்தாழ எழுநூறு மீற்றர் உயர வேண்டும். கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் அது முப்பது கிலோமீற்றருக்குப் பரவியிருக்கிறது. சராசரியாக நூறு மீற்றருக்கு இரண்டரை மீற்றர்கூட இல்லை. போன வருஷம் ஓய்வோடு சேர்த்து ஏழு மணித்தியாலம் எடுத்தோம். வழியிலுள்ள பொலிஸ் நிலையங்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தோம்.

பணத்துக்கு யார் பொறுப்பு?

தெருவில் உண்டியல் குலுக்க மாட்டோம். தெரிந்தவர்களிடம் கேட்போம், தருகிற ஒவ்வொரு ரூபாவுக்கும் ரசீது கொடுப்போம். வங்கிக் கணக்கு மூன்று பேர் பெயரில், எடுப்பதற்கு இரண்டு கையெழுத்து. தேத்தண்ணி, ரியூப், லொறி எல்லாம் எங்கள் சொந்தச் செலவு, சேர்த்த பணத்தில் ஒரு சதமும் ஓட்டத்துக்குப் போகாது. வரவு செலவை வாசகசாலைப் பலகையில் ஒட்டினோம். நோயாளிகளின் பெயரை மட்டும் ஒட்டவில்லை, ஒட்டவும் மாட்டோம். உதவி வாங்கியவர் யார் என்று லயமெல்லாம் பேசுவது, அவர் மேல் இன்னொரு பாரம்.

சேருவதற்கு என்ன செய்ய வேண்டும்?

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தோட்டத்து மைதானத்துக்கு வாருங்கள். சைக்கிள் இல்லாவிட்டாலும் வாருங்கள், இரண்டு உபரி இருக்கிறது. அதில் ஒன்றின் பெடலைக் கழற்றி, சீட்டை இறக்கி வைத்திருக்கிறோம்.